முழங்கால் குறித்து விசாரிப்பதைத் தடுக்கக் கோருதல்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. தப்பாக அச்சடித்தேன்.

என் பெயர் ஆனந்தமேரி. கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீஸ் போகும் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு தட்டச்சு செய்து கொடுப்பதுதான் முக்கியத் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற நாட்களில் மேசைக்கு அடியில் வைத்து மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். என் ஊரில் நடப்பதைவிட, நான் ஒருபோதும் போகப்போகாத குளிர்ந்த ஊர்களில் நடப்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எங்கள் பங்குச் சாமியார் போன் செய்தார்.

"மேரி, நம்ம பங்குல இருக்கிறவங்க பேரையெல்லாம் சீட்டா அடிச்சுக் குடும்மா. பூசை முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு எடுக்கட்டும். யார் பேரு வருதோ, தவக்காலம் நாப்பது நாளும் அவங்கள நேசிக்கணும். யாரை எடுத்தோம்னு வெளிய சொல்லக்கூடாது."

என் கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புகள் இருந்தன. 'பட்டியல் புதுசு', 'பட்டியல் புதுசு 2'. முதலாவது பங்கு மக்கள். இரண்டாவது எங்கள் ஊர் வாக்காளர்கள். யாரோ தேர்தல் வேலைக்கு அடித்து வாங்கிப்போனது. நான் இரண்டாவதை அச்சடித்து, கத்தரித்து, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

[அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒருவர் கொட்டும் பனியில் நின்று ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பின் பெயரைச் சரிபார்க்க எனக்கு மனம் வரவில்லை.]

தப்பாகத்தான் அச்சடித்தேன். இதை இரண்டாவது முறை எழுதும்போது எனக்கே லேசாகச் சந்தேகம் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'கல்வராயன் மலைமேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது தெரசா தன் சீட்டைப்'

நிறுத்திவிட்டேன். மாசி மாதம், பகல் பதினோரு மணி. மலை காய்ந்த எருமை மாதிரி படுத்திருந்தது. பனி என் நாவலிலிருந்து ஒழுகியது.

'தெரசா ஓர் ஏழைக் கூலித் தொழிலாளி. ஆனால் அவள் உள்ளமோ'

'உள்ளமோ' என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு நல்ல வாக்கியம் எதுவும் வராது. இதுவும் வேண்டாம்.

மூன்றாவது: தெரசா அத்தைக்கு வந்த சீட்டில் 'காசிநாதன்' என்று இருந்தது.

இது போதும். காசிநாதன் யார் என்று மட்டும் சொல்லிவிட்டால் நீங்களே 'ஐயோ' என்பீர்கள்.

ஊர் பெயரை எழுதப்போவதில்லை. சின்னசேலத்திலிருந்து பஸ் வரும் மலையடிவார ஊர். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் காலனிக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. அது காசிநாதன் வீட்டு வாசலைத் தாண்டி, அவருடைய மரவள்ளிக் காட்டை ஒட்டி வந்து, எங்கள் பதினோரு வீடுகளில் முடியும். இரண்டு வருடத்துக்கு முன் காட்டுக்கும் காலனிக்கும் நடுவில் அவர் முள்கம்பி வேலி போட்டு, பாதையின் குறுக்கே இரும்புக் கதவு வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு வண்டி அவருடைய மூன்று மரவள்ளிச் செடிகளை மிதித்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம், எங்கள் தெருப் பையன் ஒருவன் புது பைக்கில் அவர் வாசலைக் கடந்தபோது இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை. பாதை கேட்டு நாங்கள் மனு போட்டோம். நான்தான் தட்டச்சு செய்தேன். காசிநாதன் பட்டாவைக் கொண்டுவந்து காட்டினார். பட்டாவில் அது அவர் நிலம்தான். எங்கள் பாட்டன் காலத்துக் காலடித்தடம் எந்தப் பட்டாவிலும் ஏறவில்லை.

அன்றிலிருந்து ஏரிக்கரை சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடக்கிறோம்.

தெரசா அத்தையின் கணவர் ஆரோக்கியதாஸ் மாமாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி. ஆட்டோ வீடு வரை வராது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து இரண்டு பேர் ஏரிக்கரை மேல் தூக்கிப் போவார்கள். மாமா மேலிருந்து கையசைப்பார். "நம்ம கோயில் மாதாவுக்கே வருசத்துக்கு ஒரு தேருதாண்டா. எனக்கு வாராவாரம்."

தூக்குகிறவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு முறை நாற்காலி சரிந்து, மாமா ஏரிப்பக்கமாகப் பாதி தூரம் உருண்டார். அதற்குப் பிறகு பாதி செவ்வாய்க்கிழமைகள் போகாமலே கழிந்தன. போகாத வாரமெல்லாம் கால் இன்னும் கொஞ்சம் மரத்தது.

தெரசா அத்தைக்கு உலகத்தில் ஒன்றுதான் வேண்டும். வாசலில் ஆட்டோ வந்து நிற்கவேண்டும். அதை நிற்கவிடாத ஆளைத்தான் நாற்பது நாள் நேசிக்கவேண்டும் என்று சீட்டு சொன்னது.

3

[மற்றவர்களின் சீட்டுகளைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு. பிலிப்புக்குப் பிலிப்பே வந்தார். ஊரில் வேறு பிலிப்பு இல்லை. ரகசியம் என்பதால் யாரிடமும் சொல்லாமல் தன்னையே நேசிக்கத் தொடங்கி, முதல் வாரம் தனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வாரம் தன்மேல் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். "இவ்ளோ நாளா இந்த ஆளோடயா குடித்தனம் பண்ணேன்?" என்று பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். தைலம்மாளுக்கு வந்தது கண்ணாயிரம். அவர் இறந்து ஆறு வருடம். பட்டியலிலிருந்து நீக்கியிருக்கவில்லை. தைலம்மாள்தான் எங்கள் பங்கிலேயே கட்டளையைக் குறையின்றி நிறைவேற்றியவர்.]

4

தெரசா அத்தை காசிநாதனை எப்படி நேசிப்பது? கையால் எதுவும் கொடுக்க முடியாது. எங்கள் கையிலிருந்து அவர் தண்ணீர்கூட வாங்கமாட்டார். வீட்டுக்குப் போக முடியாது, கதவு பூட்டியிருக்கிறது. அத்தை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வேலியோரம் போய் நின்று, மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த காசிநாதனைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஐயா! முட்டி வலி எப்புடி கீது?"

காசிநாதன் பல் விளக்குவதை நிறுத்தினார். மலையில் பட்டு அந்தக் கேள்வி இன்னொரு முறை கேட்டது. அவருக்கு வலது முழங்காலில் வலி இருந்தது உண்மை. அதுவரை அவரும் அவர் மனைவி ராஜாம்பாளும் மட்டுமே பேசிக்கொண்ட வலி அது; அவர் காலை இழுத்து நடப்பதை அத்தை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கவனித்திருந்தார்.

மறுநாளும் ஆறு மணி. "ஐயா! முட்டி எப்புடி கீது? ராத்திரி தூங்கினீங்களா?"

அதற்கு மறுநாளும்.

பத்தாம் நாள் திங்கட்கிழமை, காசிநாதன் என் கடைக்கு வந்தார். கடைகள் நிறைய உண்டு. ஆனால் நான் மனுவில் கொஞ்சம் உருக்கமாக எழுதுவேன் என்று பேர்.

"இன்னா எழுதணும்ங்க?"

"அந்தத் தெரசா என்ன விசாரிக்குது. நிறுத்தச் சொல்லி எழுது பாப்பா."

"திட்டறாங்களா?"

"திட்டுனா நானும் திட்டிட்டுப் போயிருப்பேனே, கலெக்டராண்ட ஏன் வரேன்? விசாரிக்குது. நல்ல விதமா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு, 'பெரியவரே, படி ஏறிக்குவீங்களா'ன்றான். டீக்கடைல எல்லாரும் நின்னுக்கினு குடிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஸ்டூலு போடறான். நைனார்பாளையத்துல பொண்ணு குடுத்த எடம், அங்கேந்து போன் பண்ணி முட்டிக்குத் தைலம் சொல்றாங்க. ஊரு பூரா என் முட்டிதான்."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "மதம் மாத்தப் பாக்கறாங்கன்னு எதுனா போடணுமா?"

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்படி இருந்தாத் தேவலயே. அது ஒண்ணும் மாறச் சொல்லல. ஒண்ணும் கேக்கவும் இல்ல. அதான் பயமா கீது."

நான் தட்டச்சு செய்தேன்:

'பொருள்: எனது முழங்கால் குறித்துத் தினசரி உரத்த குரலில் விசாரிக்கப்படுவதைத் தடுத்து நிறுத்தக் கோருதல்.'

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் சீட்டு என் நினைவுக்கு வந்தது. பங்குப் பட்டியலில் காசிநாதன் எப்படி வந்தார் என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் அச்சடித்தது 'பட்டியல் புதுசு 2'. தப்பாக அச்சடித்தேன் என்பது எனக்குத் தெரிந்த நாள் அதுதான்.

[இங்கே நான் யாரென்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்தப் பதினோரு வீடுகளில் ஒரு வீட்டுக்காரி. தினம் ஏரிக்கரை சுற்றித்தான் பஸ்ஸுக்கு வருகிறேன். அப்படியானால் தப்பாகத்தான் அச்சடித்தேனா? மூன்றாவது முறை எழுதுகிறேன்: தப்பாகத்தான். இப்போது உங்களைப் போலவே நானும் நம்பவில்லை.]

5

மனு காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஏட்டு சின்னதுரை விசாரணைக்கு வந்தார். விசாரிப்பதைப் பற்றிய விசாரணை. வேலிக்கு அந்தப் பக்கம் காசிநாதன், இந்தப் பக்கம் தெரசா அத்தை. ஏட்டு கதவுக்கு வெளியே காட்டுப் பக்கம் நின்று, வெயிலுக்குத் தொப்பியை ஃபைலால் மூடிக்கொண்டார்.

"இன்னாம்மா, தெனம் இன்னா கேக்கற?"

"முட்டி எப்புடி கீதுன்னு கேப்பேங்க."

"வேற?"

"தூக்கம்."

"வேற?"

"வவுறு."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "வவுத்தப் பத்தி உனக்கு ஏம்மா?"

"அவுருதாங்க பன்னண்டாம் நாளு கத்திச் சொன்னாரு. முட்டி பரவால்ல, வவுறுதான் ரெண்டு நாளா சரில்லன்னு."

ஏட்டு திரும்பி காசிநாதனைப் பார்த்தார். காசிநாதன் மரவள்ளி இலை ஒன்றைப் பறித்து உற்றுப் பார்த்தார்.

"ஒரு வாட்டி வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றார். "தெனம் கேட்டா இன்னா பண்றது? பதில் வந்துடுதுல்ல."

"சரிம்மா, கேக்கறது கேக்கற. மெல்லமாக் கேக்கலாம்ல? ஊருக்கே கேக்கறாப்ல ஏன் கத்தற?"

"கிட்டப் போவ வழி இல்லிங்களே."

மூவரும் கதவைப் பார்த்தார்கள். ஒரு காக்கை வந்து அதன்மேல் உட்கார்ந்து, தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பறந்துபோனது. ஏட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதினார்: 'இரு தரப்பினருக்கும் அறிவுரை கூறப்பட்டது.' என்ன அறிவுரை என்று இரு தரப்பினருக்கும் தெரியவில்லை.

6

இந்த இடத்தில் தெரசா அத்தை என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் படிக்கும் நாவல்களில் இப்படி ஒரு பெண் வந்தால் அவள் புனிதையாக இருப்பாள், அல்லது பெரிய தந்திரக்காரியாக இருப்பாள். கத்திக் கத்தியே கதவைத் திறக்கவைக்கும் திட்டமா இது? எழுத்தாளருக்கு ஒரு வசதி, பாத்திரத்திடம் கேட்க முடியாது. எனக்கு அந்த வசதி இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கிறார்.

போனேன். அத்தை மாமாவின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பு மாறியது, பங்குப் பட்டியல் இல்லை, தப்பு என்னுடையது, சாமியாரிடம் சொன்னேன், அவர் பயந்துபோய் மறுபடி சீட்டுக் குலுக்கிவிடலாம் என்கிறார், வேண்டாத பிரச்சனை வரும் என்கிறார்.

"தெரியுண்டீ" என்றார் அத்தை.

"இன்னா தெரியும்?"

"சீட்டு தப்புன்னு. அந்த ஆளு எந்தக் காலத்துல கோயிலுக்கு வந்தாரு? எழுத்துக் கூட்டிப் படிச்சதுமே தெரிஞ்சிபோச்சி."

"அப்பறம் ஏன் அத்த, மாத்திக்கல?"

"மாத்தி எடுத்தா யாரு வருவா? நம்ம ராணியம்மா வரும். ராணியம்மாவ நேசிக்கறதுக்கு எனக்குச் சீட்டு எதுக்குடி?"

மாமா சிரித்தார். வாதத்தில் பாதி முகம்தான் சிரித்தது. "எங்கால முடக்கிப்போட்ட ஆளோட முட்டிய விசாரிக்கறா. எனக்கு இந்தப் பொம்பளையப் புரியல மேரி. முப்பது வருசம் ஆச்சி."

"மொத ஒரு வாரம் வயித்தெரிச்சல்ல தாண்டீ கேட்டேன்" என்றார் அத்தை, தேய்ப்பதை நிறுத்தாமல். "அந்த முட்டி நல்லா வலிக்கட்டும்னுதான் கத்துனேன். அப்பறம் அந்த மனுசன் ஒரு நாளு பதில் சொல்லிட்டாரு. பதில் சொன்னா, மறுநாளு கேக்காம இருக்க முடியுமா? வவுறு இன்னா ஆச்சோன்னு ராத்திரில நெனப்பு வருது. கருமம்."

"அப்படியே கதவத் தொறங்கன்னும் ஒரு வார்த்த கேளேன் அத்த."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டா அது மனு ஆயிடும். மனுவுக்குத்தான் நீ கீறியே."

7

நாற்பது நாள் எப்போது முடிகிறது என்பதில் ஒரு தகராறு. சீட்டு விஷயம் எப்படியோ காசிநாதன் காதுக்கும் எட்டி, அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறோடு நாற்பது முடிந்துவிட்டது, அதற்கு மேல் கேட்பது அத்துமீறல் என்று என் கடையில் வந்து நாள்காட்டியைக் காட்டினார். தவக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பெரிய சனி வரை இருக்கிறது என்று விளக்கினேன்.

"ஞாயித்துக்கிழமையும் கேட்டுச்சே?"

"அது அவங்களா கேட்டது."

அவர் அதை யோசித்துக்கொண்டே வெளியே போனார்.

பெரிய சனியோடு முடிந்தது. மறுநாள் ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர். அன்று காலை ஆறு மணிக்கு யாரும் கத்தவில்லை. திங்கட்கிழமையும் கத்தவில்லை. திங்கள் மதியம் காசிநாதன் கடைக்கு வந்து கூட்டத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் முறை வந்தபோது எழுந்து வரவில்லை.

"இன்னா மனுங்க?"

"மனுல்லாம் இல்ல. சும்மாத்தான்." நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கு ஒடம்பு கிடம்பு சரில்லியா? ரெண்டு நாளா சத்தத்தக் காணோம்."

"நீங்களே கேட்டுப் பாக்கறது."

"நானா?" அதிர்ந்துவிட்டார். "இங்கேந்து அங்க நான் கத்துனா ஊரு இன்னா சொல்லும்?"

8

இப்போது முடிவு.

முடிவு ஒன்று: மறுநாள் காசிநாதன் மனம் திருந்தி, கண்ணீரோடு சாவியை [வேண்டாம். அவர் கண்ணீரை நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுதினால் கதவு தாளில் மட்டும் திறக்கும். மாமா தாளில் ஆஸ்பத்திரி போக முடியாது.]

முடிவு இரண்டு: கதவு திறக்கவேயில்லை. உலகம் அநீதியானது. அன்பு தோற்றது. [இது நான் படிக்கும் நாவல்களில் மிகவும் மதிக்கப்படும் முடிவு. எழுதும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, இந்தப் பெருமையை யாருடைய காலின்மேல் நின்று படுகிறேன் என்று பார்த்தேன். அழித்துவிட்டேன்.]

முடிவு மூன்று: அடுத்த வருடச் சீட்டில் ஆனந்தமேரிக்கு

இதை முடிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

கதாசிரியரால் கதவைத் திறக்க முடியாது. ஆட்டோ பிடிக்க முடியும்.

9

இதைச் செவ்வாய்க்கிழமை காலை, மாயவன் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து போனில் தட்டச்சு செய்கிறேன். எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பாதை மேடுபள்ளம். காசிநாதன் வாசலைத் தாண்டும்போது மாயவனிடம் இறங்கித் தள்ளச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. ராஜாம்பாள் கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தார். மரவள்ளிச் செடிகளில் எதையும் மிதிக்கவில்லை; எண்ணிக்கொண்டே வந்தேன்.

இப்போது கதவுக்கு எதிரே நிற்கிறோம். பூட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் தெரசா அத்தையும், சிவப்பு நாற்காலியில் மாமாவும். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். ஆட்டோவிலிருந்து நாற்காலிக்கு எட்டு அடி இருக்கும்.

"இன்னாக்கா இது, கதவு சாத்திக் கீது?" என்கிறான் மாயவன். "வெய்ட் பண்றதா, திருப்பிக்கினு போறதா? எதுனா ஒண்ணு சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. ஹாரன் அடிக்கச் சொன்னேன். அடித்தான்.

அதோ, வீட்டிலிருந்து காசிநாதன் வெளியே வருகிறார். எங்களை நோக்கித்தான் நடக்கிறார். வலது கையில் ஏதோ வெயிலில் மின்னுகிறது. சாவியாக இருக்கலாம். ஏட்டுக்குப் போன் போட எடுத்துவரும் செல்போனாகவும் இருக்கலாம். மூக்குக்கண்ணாடியாகக்கூட இருக்கலாம், யார் வந்திருப்பது என்று பார்க்க. அவருக்கு முழங்கால் வலி. காட்டைக் கடந்து கதவுக்கு வந்துசேர நேரமாகும். மாயவனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது. நான் தட்டச்சு செய்வதை நிறுத்துகிறேன்.

அதற்குள் தெரசா அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். சீட்டின் கெடு முடிந்து இது மூன்றாம் நாள்.

"ஐயா, மெல்ல வாங்க! அவசரம் ஒண்ணும் இல்ல!"